பல் படாத மருந்து

விக்கல் வந்தது. வாயில் போட்ட மருந்து உருண்டை தெறித்துத் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

தெய்வசிகாமணி குனிந்து எடுத்தான். பச்சை இலை மருந்துக்கு நடுவில் வெள்ளையாக ஒரு மாத்திரை.

வெள்ளிமலை அம்மாசி வைத்தியர் கொடுத்த உருண்டை அது. சீந்தில், கீழாநெல்லி, நிலவேம்பு, இன்னும் அவர் பெயர் சொல்லாத ஏதேதோ இலை. இதற்குள் மாத்திரை எப்படி வந்தது?

டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து உடைத்தான். அதிலும் மாத்திரை. இன்னொன்று. அதிலும்.

"இன்னாடா இது!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு இருப்பது எச்.ஐ.வி. போர்வெல் வண்டியோடு வடக்கே போய்த் திரிந்த காலத்தில் தானே தேடிக்கொண்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் விஷயத்தைத் தெளிவாகவே சொன்னார்கள். "இந்த வைரஸ் உடம்பை விட்டுப் போகாது. எதிர்ப்புச் சக்தியை அரிச்சிக்கிட்டே இருக்கும். ஆனா தினமும் மாத்திரை போட்டா நல்லாவே இருக்கலாம்."

நல்ல பிள்ளையாகத் தலையாட்டி மாத்திரையை வாங்கினான். திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாக வீசிவிட்டான். யார் கண்ணிலாவது பட்டால் மானம் என்னாவது? மனைவி செவ்வந்தியிடம் காமாலை என்று ஒரு பொய். காமாலை என்றால் இலை மருந்துதானே? மலை ஏறினான்.

முதலில் மருந்து பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பார்த்தால், எலும்பும் தோலுமாக இருந்தவன் கரும்பு வெட்டவே இறங்கிவிட்டான். தியாகதுருகம் டீக்கடையில் அவன் அளந்த அளப்பு இருக்கிறதே! "இங்கிலீஷ் மருந்தா? அத்தினியும் விஷம்ப்பா. எதிர்ப்புச் சக்தி இலையிலதான் கீது!"

அப்பேர்ப்பட்ட இலைக்குள் மாத்திரை!

அடுத்த பஸ்ஸில் வெள்ளிமலைக்குப் போய் இறங்கினான்.

"யோவ் வைத்தியரே! இலைன்னு சொல்லிட்டு மாத்திரையவா வெச்சிக் குடுக்கற?"

அம்மாசி உடைந்த உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். அவருக்கும் தலைகால் புரியவில்லை.

"இலை என்னுதுங்க. உள்ள கீறது என்னுது இல்லீங்க."

"பின்ன அதுவா மொளைச்சிதா?"

அப்போதுதான் பிடித்து வைத்திருந்த ஈர உருண்டைகளை அவன் கண்ணெதிரே ஒவ்வொன்றாகப் பிட்டுப் போட்டார். வெறும் இலை. ஒன்றில்கூட மாத்திரை இல்லை.

"நான் ஈரமாத்தானே குடுத்து வுடறேன். உங்க வூட்டுலதான் நெழல்ல காயுது. பல்லு படாம முழுங்கணும்னு வேற சொல்லிக்கிறேன், நீங்களும் ஒடைச்சிப் பாத்திருக்க மாட்டீங்க. அங்க யாருங்க காயவைக்கறது?"

"எம் பொண்டாட்டி."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. செவ்வந்தியா? எதற்கு? வண்டவாளம் தெரிந்துபோய் விஷம் வைக்கிறாளா? விஷமென்றால் உடம்பு எப்படித் தேறும்? கொல்ல நினைப்பவள் மோரும் கையுமாகப் பக்கத்தில் நின்று "முழுங்கிட்டியா மாமா?" என்று ஏன் கேட்கிறாள்? ஒருவேளை உறுதி செய்துகொள்ளத்தான் கேட்கிறாளோ? யோசிக்க யோசிக்கப் பயம்தான் அதிகமானது.

வீட்டில் செவ்வந்தி மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். டப்பாவை அவள் முன்னால் வீசினான்.

"இன்னாடி இது? என்னைத் தீத்துக்கட்டப் பாக்கறியா?"

"மெல்ல பேசு மாமா, பக்கத்து வூட்டுல கேக்கும்." எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "தீத்துக்கட்டணும்னா நான் சும்மா இருந்திருந்தாலே போதுமே."

"அப்போ இது இன்னா?"

"கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி மாத்திரை. நீ வேணாம்னு வுட்டியே, அது."

இத்தனை நாள் கட்டிக் காத்த காமாலைப் பொய் அத்தோடு முடிந்தது. தெய்வசிகாமணிக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"உனுக்கு... தெரியுமா?"

"தெரிஞ்சி வருஷமாச்சு. கேட்டா நீ இன்னா பண்ணிக்குவியோன்னு பயம். இலைன்னா நம்பி முழுங்கற. சரி, அதுக்குள்ளயே இதுவும் போவட்டும்னு ஈரத்துல வெச்சி உருட்டிட்டேன்."

அவனுக்கு அழுகை முட்டியது. நல்ல வேளை, இவள் விடாமல் பிடித்த பிடியில் தப்பித்தோம் என்றும் தோன்றியது. ஆனாலும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

"சீட்டு எம்பேர்ல கீது. நான் போவாம உங்கிட்ட எப்டிக் குடுத்தாங்க?"

"ஒவ்வொரு வாட்டியும் உன்னக் கூட்டியாரச் சொல்லித் திட்டிக்கினுதான் குடுக்கறாங்க. எப்டியும் நான் மாசாமாசம் அங்க போவணும் இல்ல?"

"நீ எதுக்குப் போவணும்?"

செவ்வந்தி மறுபடி உட்கார்ந்து கிழங்கைக் கையில் எடுத்தாள்.

"எனுக்கு வாங்கத்தான், மாமா. என்னுதுக்கு உருண்டை வேணாம், அப்டியே முழுங்கிடுவேன்."