பதிமூன்று சேலைகள்

“பதிமூணு சேலையையுமா வெட்டிட்டே? ஒரு வார்த்தை கேக்காம எப்படிக்கா கத்திரி வெச்சே?”

சங்கீதா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மலையேறும்போது வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். ஆனாலும் குரலில் சோர்வில்லை.

அக்கா ராஜேஸ்வரி இரண்டு போர்வைகளையும் பாயின் மேல் விரித்தாள். சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப் போட்ட சேலைத் துண்டுகள். நாலு மாதக் கைத்தையல். ஊசி ஏறிய விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. ஒரு போர்வையின் மூலையில் சிவப்பு நூலில் ‘தனபால்’ என்றும், இன்னொன்றில் ‘சங்கீதா’ என்றும் தைத்திருந்தாள்.

அம்மா இறந்து அன்றோடு ஒரு வருஷம். படையலுக்காகத் தம்பி தனபால் நாமக்கல்லில் இருந்தும், தங்கை சங்கீதா காளப்பநாயக்கன்பட்டியில் இருந்தும் வந்திருந்தார்கள். இடுப்பு ஒடிந்த அம்மா கடைசி ரெண்டேகால் வருஷம் மூத்தவள் வீட்டில்தான் கிடந்தாள். அந்த நாட்களில் இவர்கள் மலையேறி வந்தது மூன்று தடவை. பொங்கலில் இருந்து போனில் ஒரே பேச்சு. அம்மாவின் சேலைகளைப் பங்கு வைக்க வேண்டும்.

“மூணு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு நாலு வரும். மிச்ச ஒண்ணுக்கு நீங்க ரெண்டு பேரும் ரோட்டுல நிப்பீங்க” என்றாள் ராஜேஸ்வரி. “அதான் எல்லாச் சேலையும் ரெண்டுலயும் வர்ற மாதிரி தெச்சுட்டேன். தம்பிக்குக் கால் வெளிய நீட்டுமேன்னு ஒரு முழம் கூட.”

“உனக்கு?”

“நான்தான் அம்மாகூடவே இருந்தேனே. எனக்கு எதுக்கு கண்ணு?”

சங்கீதா ஒரு நீலத் துண்டைத் தடவினாள். “இது நான் தீபாவளிக்கு வாங்கிக் குடுத்தது.”

“ஆமா கண்ணு.”

“நீ வாங்குனது பச்சையாச்சே?” என்றான் தனபால்.

“நான் எடுத்த சேலை எனக்குத் தெரியாதாடா?”

அவன் குனிந்து, விரல் நீட்டி நிறங்களை எண்ண ஆரம்பித்தான். இரண்டாவது தடவையும் எண்ணினான். “பதினொண்ணுதான் வருது. ரெண்டு எங்கக்கா?”

“உள்ளாற வெச்சுத் தெச்சிருக்குது சாமி. மெத்துனு இருக்கோணுமில்ல?”

“இந்த மஞ்சளு… என் கல்யாணத்துல நீதான கட்டியிருந்தே?”

ராஜேஸ்வரியின் கை ஒரு நொடி நின்றது. “அம்மாகிட்ட வாங்கிக் கட்டுனேன்.”

“அப்படி இன்னும் எத்தனை வாங்கிக் கட்டுனியோ!” சங்கீதா சிரித்தாள். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. “உன்னுது உள்ள பூட்டியிருக்கும். படையல் அன்னிக்குக்கூட நைட்டியும் துண்டுமா நிக்கறே. அந்தப் பொட்டிய யாருக்குக்கா காவல் காக்கறே?”

மூலையில் இருந்த தகரப் பெட்டியை மூவரும் பார்த்தார்கள். சின்னப் பூட்டுத் தொங்கியது.

“சும்மா தொறந்து காட்டிடேன்” என்றான் தனபால் மெதுவாக. “வீட்டுல சுமித்ரா நச்சரிக்கறா. ‘உங்கக்கா நல்லதை எல்லாம் அமுக்கிட்டா’ன்னு. எனக்கு அப்படி நெனப்பில்ல. அவ வாய அடைக்கத்தான்.”

ராஜேஸ்வரி கழுத்தில் கிடந்த துண்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். வாசலில் பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் சென்றாயன், எண்ணெய்க் கையோடு எழுந்து வந்தார்.

“மச்சான், நாலு மணி பஸ்ஸ உட்டா நாளைக்கித்தான். கெளம்புங்க. சுளை கட்டி வெச்சிருக்கேன்.”

சங்கீதா வெடுக்கென்று தன் போர்வையை எடுத்தாள். மடிப்பதற்காக நெஞ்சோடு அணைத்தவள் அப்படியே நின்றாள். முகத்தை அதில் புதைத்தாள். தோள்கள் குலுங்கின.

“அம்மா வாசம்க்கா… அப்படியே இருக்குது.”

தனபாலும் தன்னுடையதை முகர்ந்து பார்த்தான். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத” என்றாள் சங்கீதா மூக்கை உறிஞ்சியபடி. “அடுத்த மாசம் பாப்பாவுக்குக் காதுகுத்து. அதுக்காவது நல்ல சேலையாக் கட்டிட்டு வா. நைட்டியில வந்து மானத்த வாங்காத.”

“வாரேன் கண்ணு.”

பஸ் மறையும்வரை நின்றுவிட்டு இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். ராஜேஸ்வரி சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். சென்றாயன் பெட்டியின் பூட்டைத் திறந்து உள்ளே பார்த்தார். பூச்சிக்குப் போட்டிருந்த மிளகு நாலைந்து உருண்டது. வேறொன்றும் இல்லை.

“அம்மா சேலை ஒண்ணுகூட மிச்சமில்லன்னு நேராச் சொன்னா என்ன புள்ள?”

“எப்படிங்க சொல்றது? ரெண்டேகால் வருஷம் அம்மாவுக்கு அடியில விரிச்சு, அலசி, காயப்போட்டு, மறுக்கா விரிச்சு, பதிமூணும் நைஞ்சு போச்சுன்னா? ‘எம்பட சீரழிவ அதுககிட்டச் சொல்லாத சாமி’ன்னு அம்மா கையடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிச்சே.”

அவர் பெட்டியை மூடினார். இனிப் பூட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ராஜேஸ்வரியின் பதினொரு சேலைகளும் அந்நேரம் மலை இறங்கிக்கொண்டிருந்தன.