ஐந்து சொல் வக்கீல்

ஏழைகளின் வழக்குகளில் வாதாட அரசு டெண்டர் விட்டது. யார் குறைந்த சொற்களில் வாதாடுவதாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கே ஒப்பந்தம். ஆளுக்கு ஐந்து சொல் என்று கேட்டு ஒரு கம்பெனி தட்டிக்கொண்டு போனது.

திருட்டு வழக்கில் மகன் கூண்டில் நிற்க, செல்லக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருட்டு நடந்த அன்று அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதைச் சொல்ல நாலு சொல் போதுமே!

கம்பெனி வக்கீல் பணிவாக எழுந்து கும்பிட்டார்.

"மாண்புமிகு நீதிபதி அவர்களே, வணக்கம். எனது..."

மைக் அணைந்தது.

"அடப் பாவி! கும்பிடு போடவா உன்னைப் பிடிச்சாங்க? எம்புள்ள அன்னைக்கு ஆஸ்பத்திரியில கெடந்தான்யா!" என்று செல்லக்கனி கத்தினாள்.

"டெண்டர் எடுக்காதவங்க பேசினா கணக்குல வராதும்மா, உட்காருங்க" என்றார் நீதிபதி.

காலையில் வாசிக்கத் தொடங்கிய தீர்ப்பை அவர் முடிக்க மத்தியானமாகிவிட்டது.