ஜன்னல் மட்டம்

“இன்னும் கொஞ்சம் குறையாதாம்மா?”

கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தபடி கேட்டார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். காலையிலிருந்து இதே கேள்விதான்.

“அப்பா, அது நீங்க ஓட்டற வண்டி இல்ல. அவங்களை வேலை செய்ய விடுங்க” என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த மகள்.

பொறியாளர் பெண் சிரித்துக்கொண்டாள். அந்தத் தகரக் கூரை அலுவலகத்தில் மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் கொடுத்தது. திரையில் மலைச்சரிவை நெடுக வெட்டிக் காட்டும் படம். மண் அடுக்குகள் பழுப்பாகவும் மஞ்சளாகவும் தெரிந்தன. அடிவாரத்தில் ஒரு சின்னச் சதுரம். அது டிரைவரின் வீடு.

“1.31லயே நிக்குது சார்.”

“அந்த நம்பர் என்னன்னு இவளுக்கும் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா.”

“ஒண்ணுக்கு மேல இருந்தா மலை நிக்கும். கீழ போனா சரியும். சரியா ஒண்ணுன்னா...”

“ஹேண்ட்பிரேக்ல நிக்குது” என்று முடித்தார் டிரைவர்.

“அதேதான். அப்பா வீட்டுப் பக்கம் நடந்ததுக்கு ஒண்ணு வரணும். வந்துட்டா, மண்ணு இவ்வளவுதான் தாங்கும்னு நான் போட்ட கணக்கு சரி. உங்க வீட்டுக்குப் பின்னாடியும் அதே மண்ணுதான்க்கா. அதை வெச்சுத்தான் உங்க தெருவைப் பாக்கணும்.”

மகள் தலையாட்டினாள். அவள் வீடு அடுத்த தெருவில். தெருவையே காலி செய்ய வைத்திருந்தார்கள். வீடுகளை இடிப்பதா, விடுவதா என்பது இந்தக் கணக்கின் கையில். அதுவரை அவள், அவளுடைய தையல் மெஷின், அப்பா, அம்மா எல்லோரும் அத்தை வீட்டு ஹாலில். மெஷின் சத்தம் கேட்டாலே அத்தைக்குத் தலைவலி வந்தது.

பொறியாளர் பெண் டிரைவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

“சார், அந்த மழை வாரத்துல உங்க வீட்டுப் பின்சுவர்ல ஈரம் எதுவரைக்கும் ஏறிச்சு?”

“சமையல்கட்டு ஜன்னல் மட்டத்துக்கு. ஜன்னல்ல வெச்ச டப்பாவை எல்லாம் இவ அம்மா எடுத்து உள்ள வெச்சாளே.”

“எவ்வளவு உயரம் இருக்கும்?”

அவர் எழுந்து நின்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

படத்தில் நிலத்தடி நீரைக் காட்டும் நீலக்கோட்டை அந்த அளவுக்கு உயர்த்திவிட்டு, அவள் பொத்தானை அழுத்தினாள். வளைவு வளைவாகக் கோடுகள் சரிவைத் துழாவின. ஒன்று மட்டும் சிவந்து நின்றது.

1.00.

“வந்துடுச்சு” என்றாள் மெதுவாக.

டிரைவர் தொடையில் தட்டிக்கொண்டார். மகள் சிரிக்கவில்லை.

“என் வீடு?”

அடுத்த தெருவின் படம் திறந்தது. அதே மண், அதே அளவு தண்ணீர். 1.12.

“நிக்குது. ஆனா இது போதாதுக்கா. ஆள் குடியிருக்கக் குறைஞ்சது 1.4 வேணும்.”

மகளின் கை புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தது.

“இருங்க. சரிவுல துளை போட்டு, தண்ணி வடியக் குழாய் பதிச்சா?” நீலக்கோட்டைக் கீழே இறக்கினாள். மறுபடி வளைவுகள் ஓடின. 1.46.

“இடிக்க வேண்டாம்னு எழுதிடறேன். குழாய் பதிக்கிற வரைக்கும் அத்தை வீடு. அப்புறம் உங்க வீட்டுக்கே போயிடலாம்.”

மகள் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அத்தைகிட்டதான் முதல்ல சொல்லணும். என்னைவிட அவங்க சந்தோஷப்படுவாங்க.”

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா” என்றார் டிரைவர்.

“எனக்கு எதுக்கு சார்? உங்க சமையல்கட்டு ஜன்னலுக்குச் சொல்லுங்க.” சொன்ன பிறகுதான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “சொல்லணும்தான். அந்த முதல் படத்தை ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க.”

“அதுல உங்க வீடு வெறும் சதுரம்தானே சார்?”

“இருக்கட்டும்மா. போன மாசம் மலை சரிஞ்சப்போ, எங்க எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுத்தான் அது மண்ணுக்குள்ள போச்சு. இப்ப அது நிக்கிறது இந்தப் படத்துல மட்டும்தான்.”