மாப்பிள்ளைச் சாமி

கழுத்தில் துளசி மாலை, இடுப்பில் கறுப்பு வேட்டி. ஸ்ரீகண்டன் இந்தக் கோலத்தில் படியேறியதும், கூடத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த அத்தை சரத்தை அப்படியே நழுவவிட்டாள்.

நேற்றுத்தான் வலியசாலையில் கல்யாணம். இன்று சாயங்காலம் கரமனை வீட்டில் சாந்தி முகூர்த்தம். கட்டிலுக்குப் பூ சுற்றியாகிவிட்டது.

அம்மா வாலாம்பாள் பால் சொம்போடு அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

“டேய் கடங்காரா, என்னடா இது வேஷம்?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாலை போட்டவன் பெற்ற பிள்ளையானாலும் சாமி. திட்டக் கூடாது.

“சாமி... இன்னிக்குத்தானா சாமி ஒனக்கு நாள் கெடைச்சுது?”

ஸ்ரீகண்டனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “சரணம் ஐயப்பா” என்று சமாளித்தான். நெஞ்சு செண்டை மாதிரி அடித்தது. பயமா? அதெல்லாம் இல்லை. சாதித்துவிட்ட சந்தோஷம்!

ஹெர்பிஸ். அதுவும் வெளியே சொல்ல முடியாத இடத்தில். அந்தச் சங்கதி அவனுக்கும் கல்யாணப் பெண் விஷ்ணுப்ரியாவுக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே, மியூசியத் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசித் தீர்த்த விஷயம். அழுகையெல்லாம் அன்றைக்கே முடிந்தது. எங்கிருந்து வந்தது என்ற பேச்சே எழவில்லை. மறுநாள் இருவருமாக டாக்டர் எதிரே போய் உட்கார்ந்தார்கள்.

அது உடம்பை விட்டுப் போகாது, உள்ளேயே தூங்கும், உடம்பு அசந்தால் எழுந்து வரும் என்றார் டாக்டர். புண் இருக்கிறவரை கிட்டவே போகக் கூடாது. புண் இல்லாத நாளிலும் தொற்றாது என்று சத்தியம் பண்ண முடியாது, அதனால் உறை வேண்டும், தினமும் மாத்திரை வேண்டும். ஒரே தட்டில் சாப்பிடலாம். கல்யாணம் தாராளமாகப் பண்ணிக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வார்த்தைக்காக வெளியே வந்து ஆளுக்கு இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

எல்லாம் சரி. கல்யாண அலைச்சல் யாரை விட்டது? ராத்தூக்கமில்லை, வேளைக்குச் சாப்பாடில்லை. இன்று காலை புண் எட்டிப் பார்த்துவிட்டது.

கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் தூங்கினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஆறு மாதமாக டெலிபோனிலேயே உருகியவர்கள். இரண்டு பேரில் ஒருவரைக்கூட நம்ப முடியாது.

விஷ்ணுப்ரியா ‘தூரம்’ என்று சொல்லிப் பார்க்கலாமா? அத்தைகள் அந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணித்தானே முகூர்த்தமே குறித்தார்கள்! தவிர, வந்த முதல் நாளே அவள் பேரில் ஒரு பேச்சு வருவது அவனுக்குப் பிடிக்கவில்லை.

மண்டை காய்ந்துபோய் மத்தியானம் கிழக்கேகோட்டைக்கு வாழைப்பழம் வாங்கப் போனான். கார்த்திகை மாதம். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கறுப்பு வேட்டிச் சாமிகள்.

அடடா! மாலை போட்டவன் பெண்டாட்டி இருக்கும் பக்கமே திரும்பக் கூடாதே. ஐயப்பன் பேரைச் சொன்னால் எந்த அத்தை குறுக்கே வருவாள்?

வாழைப்பழத்தை மறந்தான். மாலை வாங்கினான், வேட்டி வாங்கினான், கோயிலுக்கு ஓடினான். மாலையைக் கழுத்தில் போடப் போன அர்ச்சகர் போற்றி, “மண்டலம் முழுக்க, நாற்பத்தொரு நாளும் விரதம்தானே?” என்று கேட்டார்.

“ஆமா ஆமா, சீக்கிரம் போடுங்கோ.”

கேட்டது காதில் விழுந்தால்தானே!

“மன்னி, பையனுக்கு ஏதானும் கொறையோ?” அத்தை இப்போது அம்மாவிடம் ரகசியம் பேசினாள். அவளுடைய ரகசியம் கொல்லைப்புறச் சமையல்காரர் வரைக்கும் கேட்டது. பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்க அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும், குறை என்றே சொல்லிக்கொள்ளட்டும். நாளைக்குத் தெரு முழுக்கச் சொல்லட்டும். கெட்டியாக நின்றான்.

அறை வாசலில் விஷ்ணுப்ரியா நின்றாள். அரக்குப் புடவை, தலை நிறையப் பூ, முகத்தில் மாத்திரம் ரத்தமே இல்லை. மாலையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

வாலாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்ன பண்றது, பகவான் காரியம். வாம்மா, சாமிய நமஸ்காரம் பண்ணு.”

விஷ்ணுப்ரியா முன்னால் வந்து தரையில் விழுந்து நமஸ்கரித்தாள். தோள் இரண்டும் குலுங்கின. “பாவம், கொழந்தை அழறது” என்று அத்தை மூக்கை உறிஞ்சினாள்.

எழுப்பிவிடுவதுபோல ஸ்ரீகண்டன் குனிந்தான். அவள் அழவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முகத்தை நிமிர்த்தாமல், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“எனக்கு ஒரு வாரத்துல ஆறிடும், சாமி. ஒங்களுக்கு?”