வில்லை வைக்காதவை

எலியின் முதுகில் காயம் உண்டாக்கி, தோலுக்கடியில் தான் செய்த மெல்லிய வில்லையை வைத்து, காயம் எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்ப்பதுதான் தமயந்தியின் ஆராய்ச்சி. ஒப்பிடுவதற்காகப் பாதி எலிகளுக்கு வில்லை வைக்காமல் சும்மா விட்டுவிடுவாள். தினமும் காலை பத்து மணிக்குக் காயத்தருகே அளவுகோலை வைத்துப் படம் எடுப்பாள்.

கூண்டு கழுவும் அடைக்கலத்துக்குச் சர்க்கரை வியாதி. ஐந்து மாதமாகப் பாதத்தில் புண்.

"நமக்கும் ஒண்ணு வச்சு விடுங்களேன் மேடம்."

"மனுஷங்களுக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆகும்ண்ணே."

"அப்ப படமாவது எடுங்க."

மறுக்க மனம் வரவில்லை. தினமும் எடுத்தாள். மனிதருக்கென்று கணினியில் தனி இடம் இல்லாததால் 'வில்லை வைக்காதவை' என்பதில் போட்டுவைத்தாள். காயங்களின் அளவுக்கான சராசரிக் கோட்டைக் கணினியே வரைந்துகொண்டது.

வில்லை வைத்தாலும் வைக்காவிட்டாலும் எல்லா எலிகளின் காயமும் ஒரே வேகத்தில்தான் ஆறிக்கொண்டிருந்தது. மூன்று வருட உழைப்பு வீண் என்று கடுகடுத்துக்கொண்டிருந்த பேராசிரியர், அன்று திரையைப் பார்த்துச் சிரித்தார். வில்லை வைக்காதவற்றின் கோடு மட்டும் மேலே ஏறியிருந்தது.

"இப்பதாம்மா வித்தியாசம் தெரியுது. கட்டுரையை அனுப்பிடலாம்."

அதை ஏற்றியது எந்தப் புண் என்று தமயந்திக்குத் தெரியும். சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் பத்து மணிக்கு அடைக்கலம் கட்டை அவிழ்த்து, காலை முக்காலிமேல் வைத்துக் காத்திருந்தார்.

"குறைஞ்சிருக்கா மேடம்?"

அளவுகோலை வைத்தாள். நேற்றைவிட இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது.

"ஆடாம இருங்கண்ணே" என்றாள்.