மேகத்துக்கு வந்த கோபம்

குட்டை வற்றிப்போய்ச் சேறாகக் கிடந்தது. அதில் தன் தலைப்பிரட்டைகள் துடிப்பதைத் தாய்த் தவளை பார்த்தது. நேர் மேலே ஒரு கருமேகம் சும்மா நின்றது. பக்கத்து மண்டபத்தில் ஒரு வீணை மழையைப் புகழ்ந்து வாசித்துக்கொண்டிருந்தது.

"ஏய், இறங்கித் தொலை! பிள்ளைங்க சாகுதுங்க!" என்று தவளை கத்தியது.

"கொஞ்சம் இரும்மா, என்னைப் பத்தின பாட்டு. கீர்த்தனை முடிஞ்சுது, இனி சினிமாப் பாட்டு வேற இருக்கு," என்றது மேகம்.

தவளை ஒரே பாய்ச்சலாக மண்டபத்துக்குள் போய் வீணைத் தந்திகள் மேலேயே குதித்தது.

"ஐயோ, சுருதி போச்சே!" என்று வீணை அலறியது.

"அறிவுகெட்ட ஜென்மமே! ரசனை இருக்கா உனக்கு?" மேகம் கண்மண் தெரியாமல் இடித்தது, ஆத்திரம் தாங்காமல் கொட்டித் தீர்த்தது.

குட்டை நிரம்ப நிரம்ப, தவளை அண்ணாந்து கத்தியது: "பத்தாது, இன்னும் திட்டு!"