விமானத்துக்கு இருமல்

"பாய், நீங்க எனக்கு வித்தது பிளேனா, இல்ல கராங்குனிக்காரன் தூக்கிட்டுப் போற பழைய இரும்பா?"

சிலேத்தார் விமான நிலைய ஹேங்கர் வாசல்ல, ஃபிளையிங் கிளப் ஆளுங்க அத்தனை பேர் முன்னாலயும் நடேசன் கேட்டுட்டார்.

அப்துல் அஜீஸுக்குக் காது சுட்டுச்சு. பிள்ளை மாதிரி வளத்த ரெண்டு சீட்டு விமானம். போன வாரம்தான் கைமாறுச்சு.

"என்கிட்ட இருந்தவரைக்கும் ஒரு தும்மல்கூடப் போட்டதில்ல தம்பி."

"இப்பக் கேளுங்க லா!"

நடேசன் ஏறி ஸ்டார்ட் பண்ணார். இன்ஜின் பிடிச்சுது. இருமுச்சு. குலுங்கிச்சு. நின்னுடுச்சு.

கிளப் ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஏமாத்துக்காரன்னு ஒருதடவை பேர் வாங்கிட்டா, அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

அஜீஸ் இன்ஜின் மூடியைக் கழட்டினார்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு ஸ்பார்க் ப்ளக். ரெண்டுக்கும் தனித்தனியா கரண்ட். நடுவானத்துல ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு தரையில கொண்டாந்து இறக்கிடும். எவன் யோசிச்சானோ! எத்தனை தடவை பாத்தாலும் அவருக்குப் புல்லரிக்கும்.

ஆனா ரெண்டுமே ஒண்ணா மக்கர் பண்ணுதுன்னா?

ஸ்பானரைப் போட்டு ஒரு வயரைக் கழட்டி, ப்ளக்குக்குள்ள டார்ச் அடிச்சார். அப்படியே நின்னுட்டார்.

வெள்ளைப் பீங்கான்ல சந்தனம். அதுக்கு நடுவுல குங்குமம்.

அடுத்ததுலயும் அப்படித்தான். எட்டு ப்ளக்குக்கும் பொட்டு.

"தம்பி, ஈரச் சந்தனம் கரண்டைக் குடிச்சிடும். அப்புறம் பொறி எங்கேருந்து வரும்?"

கிளப்ல ஒருத்தர் சிரிச்சுட்டார். "நடேசா, சாமியாவது பூதமாவதுன்னு எங்களுக்கு லெக்சர் அடிப்பியே! இது யாருப்பா பண்ண வேலை?"

நடேசன் முகம் வெளுத்துப்போச்சு. "அது... வந்து..."

பின்னால நின்ன அவர் மனைவி இளமதி முன்னால வந்தா.

"நான்தான் வச்சேன் அண்ணே. புதுசா வாங்கினதுக்குப் பொட்டு வைக்காம எப்படின்னு... மன்னிச்சுக்குங்க."

நடேசனுக்குக் குரல் திரும்பி வந்துடுச்சு. "படிச்சவதானே நீ? இன்ஜின்ல போயா பூஜை பண்ணுவாங்க? உன்னால பாயை என்னவெல்லாம் பேசிட்டேன்!"

எல்லாரும் சிரிச்சாங்க. இளமதியும் கூடச் சிரிச்சா.

அஜீஸ் எட்டையும் துடைச்சு, காயவச்சு, மாட்டினார். சாவியைத் திருப்பினதும் இன்ஜின் முழங்குச்சு பாருங்க, ஹேங்கர் தகரமெல்லாம் அதிர்ந்துச்சு. நடேசன் பேசினது, காது சுட்டது, எல்லாம் அந்தச் சத்தத்துல அவருக்கு மறந்தே போச்சு.

அப்பதான் இளமதி மெதுவா அஜீஸ் பக்கத்துல வந்து, புருஷன் காதுல விழாம கேட்டா:

"அண்ணே, அந்த ப்ளக் வயரை எப்படிக் கழட்டுறதுன்னு சொல்லித் தாங்களேன். நாளைக்கு எப்படிப் பொட்டு வச்சேன்னு யாராச்சும் கேட்டா நான் தடுமாறக் கூடாதுல்ல?"